ஆறு கார்டும் சுகன்யாவுக்குத் தெரிந்த ஒன்றும்

அப்பு,

போனில் பேசினால் நீ என்னைச் சிரிக்க வைத்தே ஜெயித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடம் பிள்ளைகளை வாயடைத்து உட்கார வைத்தவள், வீட்டில் உன்னை மட்டும் அப்படி உட்கார வைத்ததே இல்லை. இன்று ஒரு நாள் உட்கார். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை சுகன்யா எனக்குப் போன் செய்தாள். நீ ஆபீசில் இருந்திருப்பாய். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அத்தை, நாங்க ரெண்டு பேரும் வீட்டுச் செலவுக்கு ஒரு திட்டம் போடுறோம். ஒரு வீட்டுக்கு எத்தனை கிரெடிட் கார்டு இருக்கலாம்? அவர்கிட்ட ஒண்ணு இருக்கு, என்கிட்ட ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு வாங்கலாமான்னு கேக்குறாரு. நீங்க கணக்கு டீச்சர், நீங்க சொல்றதுதான் தீர்ப்புன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்" என்றாள். அதற்கு முந்தின வாரம்தான் நீ மட்டும் பெங்களூரிலிருந்து இங்கே வந்து, அடுப்படியில் நின்று அதிரசத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "என்கிட்ட ஆறு இருக்கும்மா. உன் பென்சனுக்கு ஒண்ணு ஈசியாக் குடுப்பான். ஒரு கையெழுத்துதான், ஆள் வருவான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். ஆள் வந்தான். நல்ல பிள்ளை. காப்பி கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன், கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை. சுகன்யாவிடம், "யோசிச்சு எழுதுறேன் ஆத்தா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்கூட முடியவில்லை. அதற்குள் உன் பெண்டாட்டிக்குத் தெரிந்த எண்ணிக்கை ஒன்று, எனக்குத் தெரிந்த எண்ணிக்கை ஒன்று.

ஆறு எதற்கு என்று நான் கேட்டபோது நீ சொன்ன பதில்தான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. போடிமெட்டுக்கு மேலே நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஏலக்காய்த் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ். உரம், மருந்து, ஆள்கூலி எல்லாவற்றையும் கார்டில் போட்டுவிட்டு, "ஒரு எடுப்புக்குள்ள கட்டிருவேம்மா. வட்டியே கிடையாது" என்றாய். அந்த வாக்கியத்தை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன் அப்பு. சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். உன் மாமா சொன்னான், என் தம்பி.

"மாமா தோத்தது யானையால. நாங்க சோலார் வேலி போட்டுருவோம்" என்றும் சொன்னாய். அதைக் கேட்டதும்தான் நாங்கள் உனக்குச் செய்து வைத்திருக்கிற காரியம் எனக்கு உறைத்தது. மாமாவின் தோட்டத்தை யானை அழிக்கவில்லை. யானை அந்தப் பக்கம் வரவேயில்லை. நீ அப்போது கல்லூரியில் கடைசி வருடம். படிக்கிற பிள்ளையிடம் எதற்கு என்று உன் அப்பாவும் நானும் யானையைச் சொல்லி வைத்தோம். தேவாரம் ஊர்ப் பக்கம் அந்த வருடம் மக்காச்சோளத்தில் யானை இறங்கியது உண்மை, அதனால் நீ நம்பினாய். இப்போது நீ வராத யானைக்கு வேலி போட்டுவிட்டு, மாமாவை விழுங்கிய வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாய். இதை எழுதுவதற்கு முன்னால் மாமாவிடம், "சொல்லட்டுமாடா?" என்று கேட்டேன். "சொல்லுக்கா. இத்தனை வருசமா யானை மேல பழியப் போட்டு எனக்கே கூச்சமா இருக்கு" என்றான்.

அவனுடைய கணக்கு என்னவென்று சொல்கிறேன், கேள். ஏலச்செடியில் ஒரு தடவை பழுத்த காயை எடுத்தால், அடுத்த காய் பழுத்து நிற்க ஏறக்குறைய நாற்பது, நாற்பத்தைந்து நாள் ஆகும். அதைத்தான் ஒரு எடுப்பு என்கிறோம், உனக்குத் தெரியும். கிரெடிட் கார்டில் வட்டியில்லாமல் கொடுக்கிற தவணையும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். முதல் கார்டு வந்த அன்று மாமா நம் வீட்டுக்கு வந்து, "இந்தக் கார்டக் கண்டுபிடிச்சவன் நம்மூர்க்காரனாத்தாங்க்கா இருப்பான். எடுப்புக்கு எடுப்பு கணக்குப் போட்டுக் குடுத்திருக்கான்" என்றான். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. கணக்கு டீச்சர் இல்லையா, இரண்டு எண்கள் பொருந்தினால் மனம் மயங்கிவிடும்.

ஆனால் கார்டின் முழுத் தவணை, பில் போட்ட மறுநாள் வாங்கினால்தான் கிடைக்கும். பில்லுக்கு முந்தின நாள் வாங்கினால் அதில் பாதிகூடத் தேறாது. உரம் வைக்கிற நாளும் கூலி கொடுக்கிற நாளும் பில் தேதியைப் பார்த்தா வருகிறது? அதனால் மாமா வேறு தேதியில் பில் வருகிற இரண்டாவது கார்டு வாங்கினான். அந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிற செலவுக்கு மூன்றாவது. இப்படித்தான் அவன் கையில் ஐந்து சேர்ந்தது. வீட்டுக்கு இத்தனை தேவை என்று யோசித்து அவன் ஒன்றையும் வாங்கவில்லை. தேதிகளுக்கு நடுவில் இருந்த ஓட்டைகளை அடைக்கத்தான் வாங்கினான். உன்னுடைய ஆறும் அப்படி வந்தவைதானா என்று நீயே பார்.

ஒரு நாள் ஐந்தையும் நம் வீட்டுக் கட்டிலில் வரிசையாகப் பரப்பி உன் அப்பாவிடம் காட்டினான். அப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, ரம்மி ஆடப் போறியா?" என்றார். "ரம்மிக்குப் பதிமூணு வேணும் மச்சான். எனக்கு அஞ்சு போதும்" என்றான் மாமா. எல்லோரும் சிரித்தோம். ராணி அத்தை அன்று வரவில்லை. அவன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியுமா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு வருடம் ஓடியது. நன்றாகவே ஓடியது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம் கோடை மழை பொய்த்தது. செடியின் தூரில் தரையோடு படர்ந்து கிடக்கிற பூச்சரம் காய்ந்து பூ உதிர்ந்தது. மழைக்காலம் வந்தபோது காற்று சேர்ந்து வந்தது. முதல் எடுப்பு கொஞ்சம்தான் கிடைத்தது. இரண்டாவது எடுப்புக்குக் காய் முற்ற இன்னும் இரண்டு வாரமாவது ஆகும் என்ற நிலையில், கார்டுக்குக் கெடு வந்துவிட்டது. செடி மழையைப் பார்த்துத்தான் பழுக்கும், பில் எதையும் பார்க்காமல் வரும். மாமா ஆளை இறக்கி முற்றாத காயை எடுத்தான். பிறந்ததிலிருந்து ஏலக்காயோடு வளர்ந்தவன் அப்பு அவன். தோலைத் தொட்டே பக்குவம் சொல்லுவான். "தெரிஞ்சேதாங்க்கா எடுத்தேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னான். பிஞ்சு, காய் உலர்த்துகிற ஸ்டோரில் போட்டதும் சுருங்கிப் போனது, ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போனது. எடுத்த அவசரத்தில் அறுந்த சரத்தோடு அடுத்த எடுப்புக்கான பூவும் போய்விட்டது. ஒரு கெடுவைக் காப்பாற்ற இரண்டு எடுப்பைக் கொடுத்தான்.

பிறகு கடைகளில் கார்டைத் தேய்த்து, சரக்கு வாங்காமல், கமிஷன் போக ரொக்கத்தை வாங்க ஆரம்பித்தான். ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டினான். முடியாத மாதத்தில் பில்லின் கீழே போட்டிருக்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினான். அந்தத் தொகையைப் பற்றி ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் உனக்கு நூறு கணக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன் என்று வை. நீ ஐந்து போட்டுக்கொண்டு வருகிறாய். நான் திட்டவில்லை. "சபாஷ், போதும்" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு புதிதாக நான்கு கணக்கைச் சேர்த்து எழுதி அனுப்புகிறேன். இனிமேல் எந்தப் புதுக் கணக்குக்கும் அவகாசமே இல்லை, கொடுத்த நாளிலிருந்தே தாமதம் என்றும் சொல்கிறேன். அப்படி ஒரு டீச்சரை நீ நல்லவள் என்று நினைப்பாயா? மாமா நினைத்தான். மாதாமாதம் கட்டிவிடுகிறோமே என்று நிம்மதியாகக்கூட இருந்திருக்கிறான்.

நம்மூரில் காய் வாங்குகிற கடைக்காரர்கள் தோட்டக்காரருக்கு முன்பணம் கொடுப்பது புதிதல்ல. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரர் ஜீப்பில் ஏறி வந்து தோட்டத்தை ஒரு நடை நடந்து பார்ப்பார். சரத்தைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு கடையில் முன்பணம் வாங்கியவன் இன்னொரு கடையில் கை நீட்டினால் ஊரே பேசும். முதல் கடைக்காரர் கூப்பிட்டு, "வாங்குனதுக்கே வழியக் காணோம், அதுக்குள்ள அடுத்த கடைக்கிப் போறியோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அவமானமாக இருக்கும். அந்த அவமானம் எத்தனையோ குடும்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. கார்டுக்குப் பார்க்கிற கண்ணும் இல்லை, கேட்கிற வாயும் இல்லை. மாமாவின் தோட்டம் காய்ந்து கிடந்த அதே மாதத்தில், அவனுக்கு வரம்பை உயர்த்தியிருப்பதாக ஒரு கார்டிலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. அதை அவன் என்னிடம் பெருமையாகக் காட்டினான்.

ராணி அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். ஒரு நாள் மத்தியானம் அவளுக்கு ஒரு பெண் போன் செய்து, உங்கள் வீட்டுக்காரர் பேரில் ஐந்து கார்டு பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். யார் கூப்பிட்டு என்ன கேட்டாலும் ஏமாற்றுக்காரர்கள், பேசாதே என்று மாமாதான் அத்தைக்குச் சொல்லி வைத்திருந்தான். அத்தை அந்தப் பெண்ணை ஒரு வாங்கு வாங்கியிருக்கிறாள். பிறகு மேலே தோட்டத்தில் இருந்த மாமாவைக் கூப்பிட்டு, "ஏங்க, ஒருத்தி போன் போட்டு உங்களுக்கு அஞ்சு கார்டு இருக்குங்குறா. என்கிட்டயேவா? நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். "அவர் சிரிக்கல மதினி" என்றாள் என்னிடம். "லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சேன். ஆனா மூச்சு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவன் கீழே இறங்கி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் உன் அப்பாவும் நானும் ஜீப் பிடித்து மேலே போனோம். ஒவ்வொரு வளைவிலும் நான் எட்டிக் கீழே பார்த்தேன். என்ன தேடினேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். உன் அப்பா பார்க்கவில்லை. முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு, என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். மனைவியின் கையை நாலு பேர் பார்க்கப் பிடிக்கிற மனிதர் இல்லை அவர், உனக்குத் தெரியும்.

மாமா காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் உட்கார்ந்திருந்தான். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை. அப்பா வாசலில் நின்று, "கெளம்பு மாப்ளே. வெரசா. சோறு ஆறுது" என்றார், ஏதோ கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "ராணி என்ன பண்றா மச்சான்?" என்று கேட்டான். "தாளிச்சுக்கிட்டு இருக்கா." "என்னத்த?" "ஒன்னையத்தான்." மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பணம் போனாப் போகட்டும்டா" என்றேன். "பணம் இல்லக்கா. அவ சிரிச்சா பாரு, அதத்தான் தாங்க முடியல" என்றான்.

பிறகு தோட்டத்தை விற்றான், ராணி அத்தை தன் நகையைக் கொடுத்தாள், பேசி முடித்து மெல்ல மெல்ல அடைத்தார்கள். இன்று வேறொருவர் தோட்டத்துக்கு மேற்பார்வை பார்க்க ஜீப்பில் போய் வருகிறான். அத்தை பணத்தை மன்னித்துவிட்டாள். ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் வாயிலிருந்து கேட்டதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் புது நம்பரிலிருந்து போன் வந்தால் அவள் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாள்.

இதையெல்லாம் சொல்வதால் உன் அம்மா கார்டே கூடாது என்கிற பழைய காலத்து ஆள் என்று நினைக்காதே. உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டுபோனபோது, முன்பணம் கேட்ட இடத்தில் உன் கார்டுதான் நின்றது. அந்த நன்றி எனக்கு உண்டு. மறு மாதமே முழுதாகக் கட்டினாய், அதுவும் ஞாபகம் இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில், வீட்டுக்கு இரண்டு கார்டு. ஒன்று அன்றாடச் செலவுக்கு. அடுத்த சம்பளத்தில் முழுதாகக் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும், முழுத்தொகையும் தானாகக் கழிகிற மாதிரி வங்கியில் சொல்லி வைத்துவிடு. இன்னொன்று ஆஸ்பத்திரி மாதிரியான அவசரத்துக்கு, வரம்பு குறைவாக, வீட்டில் இருவருக்கும் தெரிந்த இடத்தில். யார் பேரில் எது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். மூன்றாவது கார்டு எப்போதும் முதல் இரண்டுக்குப் பதில் சொல்லத்தான் வீட்டுக்குள் வரும். இதுதான் நான் பார்த்தது.

மிச்சக் கார்டுகளை ஒரே நாளில் மூட முடியாது என்று தெரியும். சின்னப் பாக்கியை முதலில் அடை. கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டால் கணக்கு மூடியதாகாது, மாமா அப்படி ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு ஒரு வருடம் கழித்து அதற்கும் கட்டினான். மூடச் சொல்லி எழுதிக் கொடு, மூடிவிட்டோம் என்று அவர்கள் பதில் அனுப்பும் வரை விடாதே. குத்தகை வேண்டும் என்றால் சேர்த்து வைத்த பணத்தில் எடு, சேர்கிற வரைக்கும் காத்திரு. மலை எங்கேயும் போய்விடாது. பணத்துக்கு ஆசைப்படாதே என்று நான் சொல்லவில்லை. உன்னை இங்கே பக்கத்தில் பார்க்கிற ஆசை எனக்கும் இருக்கிறது, அதனால்தான் உன் தோட்டக் கதையை முதல் நாள் வாயைப் பிளந்து கேட்டேன்.

இதுவரை எழுதியது எல்லாம் கணக்கு. அப்பு, எனக்குக் கணக்கில் பயமில்லை. உனக்கு நல்ல சம்பளம், ஆறையும் அடைத்துவிடுவாய். சுகன்யா என்னிடம், "அவர்கிட்ட ஒண்ணு" என்று சொன்னாளே, அந்தக் குரலில் துளி சந்தேகம் இல்லை. அந்தக் குரல்தான் காதிலேயே நிற்கிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து என்னிடம் ஒரு பதில் கேட்டிருக்கிறீர்கள். "இரண்டு போதும் ஆத்தா" என்று நான் சொன்னால், "அப்ப நாங்க சரியாத்தான் இருக்கோம் அத்தை" என்பாள். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். ஒரு தடவை கட்டிலில் பரப்பிய கார்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வருகிறீர்கள். அவள் கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாய் என்பதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அந்தப் பயமும் எனக்கு இருக்கிறது. ஆனால் என் வாயிலிருந்து அவள் கேட்கக்கூடாது. போனில் கூப்பிடுகிற யாரோ ஒருத்தியிடமிருந்தும் கேட்கக்கூடாது. உன்னிடமிருந்துதான் கேட்க வேண்டும். பெங்களூரிலிருந்து போடி வரும் வரை பஸ்சில் அவள் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். எழுந்து போக இடமிருக்காது, சத்தம் போடவும் முடியாது. அங்கே சொல்லிவிடு. ஆறு என்று சொல். ஏன் ஆறு என்றும் சொல்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் உன் அப்பாவும் வந்து நிற்போம். சுகன்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உன்னோடு பேசாமல் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினால், நான் அவளைக் கூட்டிப் போய்ச் சுடச்சுட இட்லி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். எனக்குப் பாதி உயிர் வந்துவிடும். அவள் சிரித்துக்கொண்டே இறங்கினால்தான் எனக்குப் பயம்.

அம்மா